மனாலி பயணத்திட்டத்தில் ஒரு நாளைக் காலியாக விடுங்கள்

அன்புள்ள டிராவல்ஸ் நண்பர்களுக்கு,

வணக்கம். டிசம்பர், ஜனவரி வந்தால் சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று எல்லா ஊரிலிருந்தும் மனாலிக்கு ஆட்களைத் திரட்டிக்கொண்டு போகிறீர்கள். உங்கள் நோட்டீஸ்கள் வாட்ஸாப்பில் எனக்கும் வந்து சேர்கின்றன. நான்கு இரவு, ஐந்து பகல். மூன்றாம் நாள் அடல் சுரங்கம் வழியாக சிஸ்ஸு, பனி விளையாட்டு. நான்காம் நாள் மாலை டெல்லிக்கு வால்வோ பஸ், மறுநாள் விமானம். நான் எல்லைச் சாலை அமைப்பில், அந்த மலையில் எல்லோரும் கிரெஃப் என்று சொல்லும் படையில், டோசர் ஓட்டி ஓய்வு பெற்றவன். ரோத்தாங் கணவாயின் இரண்டு பக்கமும் பனி வெட்டியிருக்கிறேன். உங்கள் நோட்டீஸைப் படிக்கும்போது என் கண்ணில் முதலில் படுவது ஒன்றுதான்: அதில் பனி விழுவதற்கு ஒரு நாள்கூட ஒதுக்கவில்லை.

பனி பார்க்கத்தானே போகிறோம் என்பீர்கள். தரையில் கிடக்கும் பனியைப் பார்க்கத் திட்டம் போட்டிருக்கிறீர்கள். வானத்திலிருந்து விழுந்துகொண்டிருக்கும் பனிக்குப் போடவில்லை. ஒரே நாளில் முழங்கால் அளவு கொட்டினால் மூன்றாம் நாள் நின்றுபோகும். மூன்றாம் நாள் நின்றால் நான்காம் நாள் பஸ் தவறும், பஸ் தவறினால் விமானம் தவறும். அந்தப் பயத்தில்தான் போகக்கூடாத நேரத்தில் வண்டியை மேலே ஏற்றுகிறீர்கள்.

சாலையைக் கொஞ்சம் சொல்கிறேன். உங்களில் பலர் அந்தப் பக்கம் போய் வந்திருப்பீர்கள், ஆனால் வெயில் நாளில்.

மனாலி ஏறத்தாழ 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுரங்கத்தின் தெற்கு வாய் 3,060 மீட்டர். இடையில் 25 கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்துக்குள் ஆயிரம் மீட்டர் ஏறுகிறீர்கள். மனாலி மால் ரோட்டில் தூறல் என்றால் வழியில் இருக்கும் சோலாங்கில் பனி, சுரங்க வாயில் பனிப்புயல். 2020 அக்டோபர் 3 அன்று சுரங்கம் திறப்பதற்கு முன் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 3,978 மீட்டரில் இருக்கும் ரோத்தாங் கணவாய் குளிர்காலம் முழுக்க மூடிக்கிடக்கும். கணவாய்க்கு அப்பால் இருக்கும் லாஹுல் பள்ளத்தாக்குக்காரர்களே மாதக்கணக்கில் வெளியுலகத் தொடர்பில்லாமல் இருப்பார்கள். 9.02 கிலோமீட்டர் சுரங்கம் வந்து அந்த மக்களுக்குப் பெரிய விடுதலை. ஆனால் சுற்றுலாக்காரர்கள் அதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டார்கள். எல்லாக் காலத்துக்குமான சுரங்கம் என்றால் எல்லாக் காலத்துக்குமான சாலை என்று எண்ணிவிட்டார்கள். சுரங்கத்துக்குள் ஒரு குறையும் இல்லை. தெற்கு வாயிலிருந்து துண்டி என்ற இடம் வழியாக சோலாங் வரை இறங்கும் சாலைதான் ஆளை வாங்கும்.

ஏறும்போது வண்டி நின்றுபோனால் நின்றுபோகும், அவ்வளவுதான். ஆபத்து இறக்கத்தில். காலையில் நூறு வண்டி ஏறும்போது டயர்கள் புதுப்பனியை அழுத்தி இறுக்குகின்றன. மத்தியான வெயிலில் மேல்தோல் உருகுகிறது. மூன்று மணிக்கு மேல் சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் அந்த ஈரம் உறைந்து கண்ணாடியாகிறது. தார் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. நாலு மணிக்கு, எல்லோரும் ஒரே நேரத்தில், சக்கரத்தில் செயின் கட்டாத வாடகைக் காரிலும் டெம்போ டிராவலரிலும் அதன்மேல் இறங்குகிறார்கள். பிரேக் மிதித்தால் சக்கரம் நிற்கும், வண்டி நிற்காது. வண்டி தானாகச் சறுக்கிக்கொண்டு போக, ஓட்டுநர் கதவைத் திறந்து குதிக்கும் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதை ‘ஃபன்னி வீடியோ’ என்று உங்கள் குழுவில் ஒருவர் பகிர்ந்ததையும் பார்த்தேன்.

2021 ஜனவரி தொடக்கத்தில் சோலாங்குக்கும் சுரங்கத்துக்கும் இடையே முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் இரவில் மாட்டிக்கொண்டார்கள். சுரங்கம் திறந்து வந்த முதல் குளிர்காலம் அது. 2024 டிசம்பர் கடைசி வாரத்தில் அதே இடத்தில் ஏறத்தாழ ஆயிரம் வண்டிகள் சிக்கின. போலீஸ்காரர்கள் விடிய விடிய நின்று ஒவ்வொரு வண்டியாக நகர்த்தினார்கள். இடையில் என்ன கற்றுக்கொண்டோம் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை.

இப்படி மாட்டும்போது பலர் கேட்பது, ‘மெஷின் எங்கே? பனியை அள்ள வேண்டியதுதானே?’ என்று. மெஷின் ஓட்டியவன் சொல்கிறேன், கேளுங்கள். மெஷின் வர ஒரு தடம் வேண்டும். ஆயிரம் வண்டி நின்றால் ஏறுகிற தடத்தில் பாதி, இறங்குகிற தடத்தில் பாதி என்று நிற்கும். பொறுமையில்லாதவர் ஓவர்டேக் செய்யப்போய் மூன்றாவது வரிசையை உண்டாக்குவார். டோசருக்கு முன்னால் கார் நின்றால் டோசர் வெறும் இரும்புதான். பனி விழுவதை நிறுத்தாது. விழுந்த பனி காரைச் சுற்றிச் சேரும். புதுப்பனி ஒரு கன மீட்டர் நூறு கிலோவுக்குள் இருக்கும், தள்ளினால் போகும். சில நாள் கிடந்து இறுகினால் முந்நூறு கிலோவைத் தொடும். பனிச்சரிவில் வந்து படிந்தது அதைவிடக் கனம், மண்வெட்டி உள்ளே இறங்காது. சீக்கிரம் அள்ளினால்தான் அள்ள முடியும். அந்தச் சீக்கிரத்தைத்தான் நிற்கிற வண்டிகள் தின்றுவிடுகின்றன.

சரி, மாட்டிக்கொண்டால் இரவு காருக்குள் ஹீட்டர் போட்டு உட்கார்ந்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு மர்ரியைச் சொல்ல வேண்டும். இஸ்லாமாபாத்துக்குப் பக்கத்து மலைவாசத்தலம். மனாலியைவிடக் கொஞ்சம்தான் உயரம். 2022 ஜனவரி 7 இரவு பனி பார்க்க வந்த கூட்டம் சாலையிலேயே அடைபட்டது. பனியின் பாரத்தில் விழுந்த மரங்களும் நின்ற கார்களும் பாதையை மூடிவிட்டன. விடிந்தபோது கார்களுக்குள் 22 பேர் இறந்துகிடந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. குளிர் மட்டும் காரணமில்லை. புகைக்குழாயைப் பனி மூடிவிட்டால் கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள்ளேயே திரும்பும். அதற்கு வாசனை கிடையாது. முதலில் தலைவலி, குமட்டல், பிறகு தூக்கம். உயரத்தால் வரும் தலைவலி என்று மாத்திரை போட்டுக்கொண்டு சாய்ந்தால் எழுந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே உங்கள் குழுத் தலைவர்களுக்கு இதை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள்: வண்டி பனியில் நின்றால் எஞ்சினைப் போடும்முன் இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றி அள்ளவும். மணிக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் எஞ்சினை ஓட விட வேண்டாம். காற்றடிக்காத பக்கம் கண்ணாடியை ஒரு விரல் இறக்கி வைக்கவும். எஞ்சின் ஓடும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் தூங்கக்கூடாது. வண்டியை விட்டு இருட்டில் நடந்துபோகவும் கூடாது. 112க்கோ மாவட்டப் பேரிடர் மையத்தின் 1077க்கோ அழைத்துவிட்டு வண்டியிலேயே இருக்க வேண்டும். குளிரில் செல்போன் பேட்டரி மளமளவென்று இறங்கும், அதை உள்சட்டைக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இதே வாயு ஓட்டல் அறையிலும் ஆள் எடுக்கும். மனாலியில் வீடுகளுக்குள் வைத்திருக்கும் தகர அடுப்பைத் தந்தூர் என்பார்கள், அதற்குக் கூரைக்கு மேல் போகும் புகைபோக்கி உண்டு. கரண்ட் போன இரவில் சின்ன ஓட்டல்களில் புகைபோக்கி இல்லாத கரி அடுப்பான அங்கீட்டியை அறைக்குள் கொண்டுவந்து தருவார்கள். அன்பாகத்தான் தருவார்கள். கதவைச் சாத்திக்கொண்டு அதனோடு தூங்கினால் மர்ரி கார்தான். குளியலறைக்குள் மாட்டிய கேஸ் கீசரும் அப்படித்தான். அறை புக் செய்யும்போது பால்கனியிலிருந்து மலை தெரியுமா என்று விசாரிக்கிறீர்கள். கீசர் எங்கே மாட்டியிருக்கிறது என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பனிச்சரிவைப் பற்றி நீளமாக எழுதப்போவதில்லை. ஒன்றே ஒன்று. பனி கொட்டி முடிந்து வானம் நீலமாகத் திறக்கும் அந்த முதல் நாள் இருக்கிறதே, படத்துக்கு ரொம்ப அழகாக இருக்கும் நாள், அதுதான் சரிவுக்கும் உகந்த நாள். 30 முதல் 45 டிகிரி சாய்வில் புதிதாகப் படிந்த பனி, கீழேயுள்ள பழைய பனியோடு இன்னும் ஒட்டாமல் இருக்கும், வெயில் பட்டால் விட்டுப்போகும். பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் டிஜிஆர்இ நிறுவனம் பனிச்சரிவு அபாய அறிக்கை வெளியிடுகிறது. சிம்லா வானிலை மையம் மேற்கிலிருந்து வரும் காற்றுக் குழப்பத்தை, வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ் என்று செய்தியில் சொல்வார்களே அதை, சில நாள் முன்கூட்டியே எச்சரிக்கிறது. இரண்டையும் பார்க்க ஒரு செல்போன் போதும். மழைக்காலத்தில் புயல் சின்னம் உருவானால் நாகப்பட்டினத்துக்கு பஸ் அனுப்புவீர்களா? அதே புத்திதான்.

இனி ஓட்டுநர் விஷயம். எனக்கு இதுதான் மனதில் அரிப்பது. குல்லுக்காரனான அந்தப் பையனுக்கு மேகத்தைப் பார்த்தாலே தெரியும். ‘சாப், இன்று வேண்டாம்’ என்பான். உங்கள் குழுத் தலைவர், பாவம், அவர் நிலைமை இன்னும் மோசம். பின்னால் முப்பது பேர் உட்கார்ந்துகொண்டு, ‘சிஸ்ஸுவுக்குப் பணம் கட்டியிருக்கிறோம், போட்டோ எடுக்காமல் ஊருக்குப் போய் என்ன சொல்வது’ என்கிறார்கள். நாளைக்கு பஸ். அவர் ஓட்டுநரை நெருக்குகிறார், கூட ஐந்நூறு தருகிறேன் என்கிறார். பையன் ஏற்றுகிறான். யாரும் கெட்டவர்கள் இல்லை. நோட்டீஸ் அடித்த அன்றே அது முடிவாகிவிட்டது.

அதனால்தான் காலி நாள் கேட்கிறேன். ஐந்து பகலை ஆறாக்குங்கள். அந்த ஆறாம் நாளில் எதையும் எழுதாதீர்கள், ஓய்வு நாள் என்றுகூட வேண்டாம். ‘வானிலைக்கான நாள்’ என்று போடுங்கள். சாலை மூடினால் சிஸ்ஸு அந்த நாளுக்கு நகரும். மூடாவிட்டால் நக்கர் கோட்டை இருக்கிறது, வசிஷ்ட்டில் வெந்நீர் ஊற்று இருக்கிறது, குல்லுவில் சால்வை நெய்யும் தறிகள் இருக்கின்றன. வயதானவர்கள் அந்த ஒரு நாளுக்காகவே உங்களை வாழ்த்துவார்கள். கூடவே பதிவுப் படிவத்தில் ஒரு வரி: மேலே போவதா வேண்டாமா என்பது ஓட்டுநரின் முடிவு, அவர் மறுத்தாலும் அன்றைய கூலி முழுதாக உண்டு. மறுத்தால் கூலி போகும் என்ற நிலையில் ஒருவனிடம் பாதுகாப்பை எதிர்பார்ப்பது நியாயமில்லை. மேலே போனாலும் ஒரு மணிக்கு சிஸ்ஸுவை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். தேநீருக்கு இன்னொரு அரைமணி என்றால், அதைச் சோலாங் தாண்டிக் குடிக்கட்டும்.

‘ஒரு இரவு கூடினால் பக்கத்துக் கடைக்காரன் ஆயிரம், இரண்டாயிரம் குறைவாக விற்பான், எங்களிடம் யார் வருவார்கள்?’ என்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் பனியில் மாட்டி விமானத்தைத் தவறவிட்ட முப்பது பேருக்கு கடைசி நேரத்தில் டிக்கெட் எடுத்தவர்களிடம் கேட்டுப்பாருங்கள், அந்தப் பணத்தில் எத்தனை காலி நாள் வாங்கலாம் என்று. தவிர, இதை ஒருவர் மட்டும் செய்தால்தான் நஷ்டம். ஒவ்வொரு ஊரிலும் நீங்கள் சங்கம் வைத்திருக்கிறீர்கள், பஸ் கட்டணத்துக்கும் வரிக்கும் ஒன்றுகூடுகிறீர்கள், இதற்கும் ஒன்றுகூடலாம். மனாலி நிர்வாகம் வண்டி எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தட்டும் என்று காத்திருக்காதீர்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் நிறைய உண்டு, அது வேறு மடல்.

இன்னொன்று. சாலையை மூடும் அளவுக்குப் பனி கொட்டும் நாளில் உங்கள் ஓட்டல் வாசலிலேயே கொட்டுகிறது. ஹடிம்பா கோயிலைச் சுற்றியுள்ள தேவதாரு மரமெல்லாம் வெள்ளையாக நிற்கும். கதவைத் திறந்தால் பனி. அதை விட்டுவிட்டு, வாடகைக் கோட்டும் கம்பூட்டும் போட்டு, மூடப்போகிற சாலையில் 25 கிலோமீட்டர் ஏறிப்போய்ப் பனி தேடுவதை அந்த ஊர்க்காரர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். நானும் அவர்களோடு நின்று சிரித்திருக்கிறேன்.

வரும் சீசனுக்கான நோட்டீஸ் அநேகமாக ஆயுத பூஜைக்குள் அச்சுக்குப் போய்விடும். அதற்கு முன் உங்கள் சங்கக் கூட்டம் ஒன்றில் பேச என்னைக் கூப்பிட்டால் சொந்தச் செலவில் வருகிறேன். கூப்பிடாவிட்டாலும் ‘பனி கேரண்டி’ என்ற வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஆறாம் நாளைப் போடுங்கள்.

இப்படிக்கு,
எல்லைச் சாலைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு டோசர் ஆபரேட்டர்