திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு: மதியம் இருபது நிமிடம் வெயில் வேண்டும்

ஐயா, அம்மா, வணக்கம்.

பதினொரு வருடமாக ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிறேன். காலை ஏழரைக்குக் கம்பெனி வேன் ஏறினால், ஒன்றரை ஷிப்டு முடிந்து இறங்கும்போது தெருவிளக்கு எரியும். மதியச் சாப்பாடும் ட்யூப்லைட்டுக்குக் கீழேதான்.

போன வருடம் மாதவிலக்கு மூன்று மாதம் தள்ளிப்போனது. ஸ்கேனில் சினைப்பையில் நீர்க்கட்டி என்றார்கள். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 9 என்று வந்தது. 20-க்குக் கீழே போனாலே குறைபாடு. "இந்த ஊர் வெயிலிலா?" என்று அம்மா நம்பவே இல்லை. வெயில் ஊரில் இருக்கிறது, என் மேல்தான் படவில்லை.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். வைட்டமின் டி என்பது வெறும் எலும்புச் சத்து இல்லை. தோலில் உருவாகி, கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மாறி, கடைசியில் ஒரு ஹார்மோனாகவே வேலை செய்கிறது. அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் சினைப்பையிலும் கருப்பையின் உட்சுவரிலும் உண்டு. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் ரத்தத்தில் கூடிப்போனால், சினைப்பை ஆண் ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும்; முட்டை முதிர்ந்து வெளிவருவது தடைபடும். நீர்க்கட்டி உள்ள பலரிடம் இதோடு டி குறைவும் சேர்ந்தே காணப்படுகிறது. அதற்காக டி ஏறினால் நீர்க்கட்டி போய்விடும் என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் இருக்க வேண்டிய சத்தாவது உடம்பில் இருக்கட்டுமே.

ஜன்னல் ஓரம் மிஷின் போட்டிருக்கிறோமே என்பீர்கள். கண்ணாடி வழியே வெளிச்சமும் சூடும் வரும், தோலில் டி-யை உண்டாக்கும் புற ஊதாக் கதிர் வராது. காலை, மாலை இளவெயிலிலும் அது மிகக் குறைவு. பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள்தான் அது நன்றாகக் கிடைக்கும். எங்களைப் போன்ற கறுத்த தோலுக்குக் கூடுதல் நேரமும் வேண்டும்.

மாத்திரை வாங்கி எல்லோருக்கும் கொடுத்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். 60,000 யூனிட் டி மாத்திரையை டாக்டர் சொல்லாமல் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் கெடலாம்.

சாப்பாட்டு நேரத்தில் கை வைக்காமல், சம்பளம் பிடிக்காமல், மதியம் இருபது நிமிடம் தனியாகக் கொடுங்கள். சித்திரை, வைகாசியில் பத்து நிமிடம் போதும். விருப்பமுள்ளவர்கள் முகமும் கையும் வெயில் பட நிற்கட்டும். கேண்டீனுக்குப் பின்னால் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கும் இடத்தைக் காலி செய்தாலே ஒரு லைன் பெண்கள் தாராளமாக நிற்கலாம்.

இப்படிக்கு,
ஓவர்லாக் டெய்லர் ஒருத்தி