சூப்பர்சார்ஜர் படகு வாங்கியவர்களுக்கும் வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு மடல்

மண்டபம் முதல் வாலிநோக்கம் வரை, வடகடலிலும் (பாக் விரிகுடா) தென்கடலிலும் (மன்னார் வளைகுடா) ஜெட் ஸ்கீயும் வேகப்படகும் விட்டுத் தொழில் நடத்தும் உரிமையாளர்களுக்கு,

வணக்கம். உங்களில் பல பேருக்கு என்னைத் தெரியும். வண்டி ஓடும்போது என் ஞாபகம் வராது, நின்றால் முதல் போன் எனக்குத்தான். இருபது வருஷத்துக்கு மேலாக விசைப்படகு டீசல் எஞ்சின், நாட்டுப்படகான வல்லத்தின் பின்னால் மாட்டும் ஓபிஎம் மோட்டார் என்று கை கறுத்தவன். ஏழெட்டு வருஷமாக உங்கள் வண்டிகளும் என் கொட்டகைக்கு வருகின்றன. இந்த மடலைக் கோபத்தில்தான் எழுதத் தொடங்கினேன். இரண்டு நாள் ஆறப்போட்டுத் திருத்தியதில் கோபம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. முழுதாகப் போகவில்லை.

காரணத்தைச் சொல்கிறேன். யார் வண்டி என்று சொல்லப் போவதில்லை, படிக்கும்போது அவருக்கே தெரியும். போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு ஜெட் ஸ்கீ நின்றுவிட்டது. எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. அடியில் தண்ணீரை இழுக்கும் சல்லடையில் பாசி அடைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஓட்டிய தம்பி உடனே எஞ்சினை அணைத்தான். அதுவரை எல்லாம் சரி. அப்புறம் அந்த வழியாக வந்த வல்லத்துக்காரரைக் கூப்பிட்டுக் கயிறு போட்டு இழுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அவர் நல்ல மனுஷர், மீனை ஏலத்துக்குக் கொண்டுபோகும் அவசரம் வேறு. வல்லத்தை இழுக்கிற வேகத்திலேயே இழுத்துக் கரை சேர்த்துவிட்டார்.

நாட்டுப்படகை அப்படி இழுத்தால் ஒன்றும் ஆகாது. ஜெட் ஸ்கீயை இழுக்கக் கூடாது. அதற்குக் குளிர்த் தண்ணீர் வண்டியைத் தள்ளும் ஜெட் பம்பிலிருந்தே வருகிறது. எஞ்சின் ஓடாமல் வண்டி மட்டும் வேகமாகப் போனால் பம்ப் வழியாகக் கடல் ஏறிக்கொண்டே இருக்கும். வெளியே தள்ளப் புகை இல்லாததால் அந்தத் தண்ணீர் புகைக்குழாயில் நிரம்பி, அங்கிருந்து சிலிண்டருக்குள் இறங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை கரைக்கு வந்த வண்டி செவ்வாய்க்கிழமைதான் என்னிடம் வந்தது. திங்கட்கிழமை என்ன நடந்தது என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. பிளக்கைக் கழற்றிச் சுற்றிவிட்டதும் மூன்று சிலிண்டரிலிருந்தும் உப்புத் தண்ணீர் என் சட்டையில் பீய்ச்சி அடித்தது. ஆயில் மோர் மாதிரி இருந்தது. அந்த மாடலில், எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜரின் பேரிங்கும் கிளச்சும் நனைவது அதே ஆயிலில்தான். பாசியைக் கையால் பிடுங்கிப் போட்டிருந்தால் ஐந்து நிமிஷ வேலை. எஞ்சினே போனது.

இழுக்கத்தான் வேண்டும் என்றால் ஆள் நடக்கிற வேகத்தில் இழுக்க வேண்டும். இல்லையென்றால் குளிர்த் தண்ணீர் வரும் ஹோஸை ஒரு கிளாம்ப் போட்டு நெரித்துவிட்டு இழுக்கலாம். எந்த ஹோஸ் என்று உங்கள் தம்பிகளுக்கு யாராவது காட்டியிருக்கிறீர்களா? கரையில் நான் கேட்ட ஆறு பேரில் ஒருவனுக்குக்கூடத் தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? அவர்களுக்குக் கொடுத்த பயிற்சி ஸ்டார்ட் பட்டனும் லைஃப் ஜாக்கெட்டும்தான்.

சரி, சூப்பர்சார்ஜருக்கு வருகிறேன். அதன் வேலை எளிது. எஞ்சின் தானாக இழுக்கும் காற்று போதாது என்று, எஞ்சின் பலத்திலேயே ஒரு ஊதுவானைச் சுற்றவிட்டுக் கூடுதல் காற்றை உள்ளே திணிப்பது. காற்று கூடினால் பெட்ரோலைக் கூட்டலாம், பெட்ரோல் கூடினால் பலம். 1,500 சிசி எஞ்சினில் 300 குதிரைத் திறன் வருவது இப்படித்தான். ஆனால் காற்றை அமுக்கினால் சூடாகும், சைக்கிள் பம்பின் அடியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சூட்டை ஆற்றத்தான் இன்டர்கூலர். அதற்குள் ஓடுவது பெரும்பாலும் கடல் தண்ணீர். சித்திரையில் நம் கடலே 30 டிகிரிக்கு வந்துவிடுகிறது. குளிர்நாட்டு ஏரியில் ஓடும் வண்டிக்குக் கிடைக்கும் ஆறுதல் இங்கே ஓடுவதற்குக் கிடைக்காது. அதோடு இன்டர்கூலருக்குள் உப்பும் மணலும் படிந்திருந்தால் காற்று சூடாகவே சிலிண்டருக்குள் போகும். பெட்ரோல் நேரம் தவறி வெடித்து எஞ்சின் தட்டும். அந்தத் தட்டல் சத்தம் அலைச் சத்தத்தில் யார் காதிலும் விழாது.

இதில் எனக்கு அதிகம் வேலை வைப்பது சீ-டூ என்ற பிராண்ட் ஜெட் ஸ்கீகளின் சூப்பர்சார்ஜர். எஞ்சின் நிமிஷத்துக்கு 8,000 சுற்று சுற்றும்போது அதனுள் காற்றை ஊதும் சின்னச் சக்கரம் 40,000 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. வண்டி அலையில் எகிறிக் காற்றில் போகும்போது பம்புக்குச் சுமை போய்விடும், எஞ்சின் ஒரேயடியாக ஏறும். மறுபடி தண்ணீரில் விழுந்ததும் சட்டென்று இறங்கும். அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள நடுவில் ஒரு வழுக்குக் கிளச் வைத்திருக்கிறார்கள். 2000களில் வந்த மாடல்களில் அந்தக் கிளச்சின் வாஷர் பீங்கான். அது உடைந்தால் துண்டு எஞ்சின் ஆயிலுக்குள் போய்விடும், பிறகு துண்டு போன இடமெல்லாம் செலவு. பின்னால் உலோக வாஷர் வந்தது, கிளச்சையும் மாற்றினார்கள். ஆனால் பழைய வண்டிதான் நம் கரைக்குக் கைமாறிக் கைமாறி வந்து சேர்கிறது. வாங்கும்போது ஸ்டிக்கரையும் சீட்டையும் பார்க்கிறீர்கள். வாஷர் மாற்றியாயிற்றா என்று கேட்டவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அந்தப் பழைய வண்டிகளின் புத்தகத்தில் 100 மணி நேரம் அல்லது இரண்டு வருஷம், எது முதலில் வருகிறதோ அப்போது சூப்பர்சார்ஜரைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. “அண்ணே, வாங்கி ஒரு வருஷம்தானே ஆகுது” என்று என்னிடம் வாதாடுகிறீர்கள். 100 மணியையும் இரண்டு வருஷத்தையும் ஒரே தட்டில் வைத்தவன் யாருக்காக எழுதினான் என்று யோசித்துப் பாருங்கள். விடுமுறைக்கு விடுமுறை குடும்பத்தோடு ஏரியில் ஓட்டுகிறவனுக்காக. உங்கள் கணக்கு வேறு. ஆள் ஏற்றும் ஒரு சுற்றுக்குப் பத்து நிமிஷம், கூட்ட நாளில் 40 சுற்று. ஒரு நாளைக்கு ஆறரை மணி நேரத்துக்கு மேல். 15 நாளில் 100 மணி முடிந்துபோகும். அதுவும் முன்பின் ஓட்டியறியாத ஆட்கள், ஏறி உட்கார்ந்ததும் முழு த்ராட்டில். ஏரியில் ஓட்டுகிறவன் இரண்டு வருஷத்தில் கொடுக்கும் அடியை நீங்கள் ஒரு சித்திரைத் திருவிழாவுக்குள் கொடுத்துவிடுகிறீர்கள்.

இனிக் கழுவுவது. இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நம் ஊர்ப் பழக்கமே எதிரியாகிறது. வல்லத்து ஓபிஎம்மைக் கழற்றித் தண்ணீர் நிரப்பிய டிரம்மில் இறக்கி ஓட்டுவோம். புது நான்கு ஸ்ட்ரோக் மோட்டார்கள் பலவற்றில் எஞ்சினை அணைத்துவிட்டே ஹோஸ் மாட்டிக் கழுவலாம். இதைப் பார்த்துப் பழகிய கை ஜெட் ஸ்கீக்கும் அதையே செய்கிறது. முதலில் குழாயைத் திறக்கிறான், பிறகு ஸ்டார்ட் பண்ணுகிறான். வல்லம் இழுத்த கதைதான் இதுவும், கரையில் வைத்தே நடக்கிறது. எஞ்சின் ஓடாதபோது உள்ளே விடும் தண்ணீர் புகைக்குழாயில் ஏறிச் சிலிண்டரில் இறங்கும். தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். ஆகவே எஞ்சினை முதலில் ஸ்டார்ட் பண்ணி, உடனே குழாயைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது குழாயை முதலில் அடைத்து, ஒன்றிரண்டு தரம் த்ராட்டிலைக் கொடுத்துத் தேங்கிய தண்ணீரை வெளியேற்றிவிட்டு எஞ்சினை அணைக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓடுவது சில விநாடிகளைத் தாண்டக் கூடாது, புகைக்குழாய் ரப்பர் உருகும். இந்த வரிசையைச் சுவரில் எழுதிப்போடுங்கள். பெயின்ட் வேண்டாம், கரித்துண்டே போதும்.

எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்பதும் ஒரு கேள்வி. நம் பக்கம் போர்த் தண்ணீரே பல இடத்தில் கரிக்கும். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு, அதைப் பாதி உப்பான தண்ணீரால் கழுவிவிட்டுக் கழுவியாயிற்று என்கிறோம். வீட்டுக்குக் காவிரித் தண்ணீர் எப்போது வரும் என்று பெண்கள் குடத்தோடு காத்திருக்கும் ஊரில் படகுக்கு நல்ல தண்ணீர் கேட்க எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வண்டிக்கு ஐந்தாறு குடத்துக்கு மேல் ஆகாது. மழைக்காலத்தில் கூரைத் தண்ணீரை ஒரு சின்டெக்ஸ் தொட்டியில் பிடித்து வைத்தால்கூடப் பாதிச் சீசன் ஓடும். எஞ்சினுக்குள் கூலன்ட் சுற்றும் மாடல்தானே, கழுவ வேண்டியதில்லை என்று சிலர் சொல்கிறீர்கள். அதிலும் புகைக்குழாயைக் குளிர்விப்பது கடல்தான்.

பெட்ரோலில் நீங்களும் நானும் ஒரே பக்கம், நம் இருவர் கையிலும் அதிகம் இல்லை. இப்போது பங்கில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். சீ-டூ, யமஹா, மெர்குரி எந்தக் கம்பெனிப் புத்தகத்தை எடுத்தாலும் 10 சதவீதம்தான் எல்லை. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து டேங்க் அடியில் பிரிந்து நிற்கும், பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். வாடைக் காற்றுக்கு மூன்று மாதம் வண்டியை நிறுத்திவிட்டு, தை முடிந்ததும் அதே பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணுவதை இனியாவது விடுங்கள். நிறுத்தும் முன் டேங்கைக் காலி செய்யுங்கள். காற்றைத் திணிக்கும் எஞ்சினுக்குக் கெட்ட பெட்ரோலில் ஓடிப் பிழைக்கும் தாராளம் கிடையாது. வல்லத்து மோட்டார் இருமிக்கொண்டாவது கரை சேரும், இது பிஸ்டனை ஓட்டையாக்கிவிட்டு நிற்கும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, அப்படியானால் சூப்பர்சார்ஜரே கூடாது என்கிறாயா என்று கேட்பீர்கள். உங்கள் சொந்த ஆசைக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், பார்க்கவும் கேட்கவும் எனக்கும் பிடிக்கும். பத்து நிமிஷச் சுற்றுக்கு ஆள் ஏற்றும் வண்டிக்கு வேண்டாம் என்பதுதான் என் முடிவு. மெர்குரி 2004ல் வெராடோ என்று 2.6 லிட்டர், ஆறு சிலிண்டர், சூப்பர்சார்ஜர் வைத்த ஓபிஎம் மோட்டாரைக் கொண்டுவந்தது. அதில் 300 குதிரைத் திறன் மாடலும் வந்தது. 2018ல் அதே 300ஐ 4.6 லிட்டர் வி8 எஞ்சினில், ஊதுவான் இல்லாமலே கொடுத்தார்கள். பந்தயப் பிரிவு விற்கும் 450 குதிரைத் திறன் போன்ற மோட்டார்களில்தான் ஊதுவானைத் திரும்ப ஏற்றினார்கள். செய்கிறவனே பிரித்து வைத்திருக்கிறான், நமக்கென்ன பிடிவாதம்? யமஹாவிலும் 1.8 லிட்டர் எஞ்சின் சூப்பர்சார்ஜர் வைத்தும் வந்தது, வைக்காமலும் வந்தது. வைக்காததை ஓட்டுகிறவர் இந்தக் கரையில் ஒருவர் இருக்கிறார். ஆயிலுக்கும் பிளக்குக்கும் தவிர அவர் என்னிடம் வருவதில்லை. எனக்கு நஷ்டம்தான். சுற்றுலாக்காரருக்கு 110 கிலோமீட்டர் வேகமும் 80 கிலோமீட்டர் வேகமும் ஒரே அலறல்தான். தென்கடலில் 21 தீவுகளைச் சுற்றித் தேசியப் பூங்கா இருக்கிறது, வடகடலில் ஆவுளியா என்ற கடற்பசு மேயும் புல்தரை இருக்கிறது. இந்த ஆழமில்லாத தண்ணீரில் அதற்கு மேல் வேகத்துக்கு இடமும் இல்லை. இடுப்பளவு ஆழம்கூட இல்லாத இடத்தில் ஸ்டார்ட் பண்ணினால் மணலையும் புல்லையும் சேர்த்துத்தான் பம்ப் இழுக்கும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் படகைக் கரையேற்றி எஞ்சினைப் பிரிக்கும் காலம் அதுதான், அப்போது எனக்குச் சோறு தின்ன நேரமிருக்காது. உங்கள் சீசனும் அதே இரண்டு மாதம். அவர்களுக்காவது சட்டம் ஓய்வு கொடுக்கிறது, உங்கள் வண்டிக்கு யாரும் கொடுப்பதில்லை. ஆகவே மாசியிலேயே வண்டியைக் கொண்டுவாருங்கள். வரும்போது ஒரு நோட்டும் கூட வரட்டும்: எத்தனை மணி ஓடியது, ஆயில் எப்போது மாற்றியது, எங்கே நின்றது, யார் இழுத்து வந்தது. மீட்டர் மணி காட்டுமே என்பீர்கள். மீட்டர் வல்லம் இழுத்ததைச் சொல்லாது.

நோட்டு வாங்க மறந்துவிட்டால் பரவாயில்லை. பிள்ளைகள் பாதி எழுதிப் போட்ட 80 பக்க நோட்டு நாலைந்து என் கொட்டகையில் கிடக்கிறது, ஆளுக்கு ஒன்று தருகிறேன்.

இப்படிக்கு,
மண்டபத்திலிருந்து ஓர் எஞ்சின் மெக்கானிக்