வில்லன் வேண்டுமா, மாப்ளே?

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தும் உடனே பதில் எழுத முடியவில்லை. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். அப்புறம் நேரம் தவறாமல் சொட்டு மருந்து போடுவதில் வீட்டில் எல்லாருமே நர்ஸ் ஆகிவிட்டோம். இப்போது நன்றாக இருக்கிறார். கட்டுப் பிரித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இந்த டிவி மேல இவ்வளவு தூசியா இருந்துச்சு?" என் மனைவிக்குக் கேட்கவில்லை என்று இருவருமாக முடிவு செய்துகொண்டோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெங்களூர் மழை, மகன் வேலை என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு, மீதி மூன்று பக்கமும் சினிமாவைத் திட்டியிருக்கிறாய். "நல்ல படம்னு சொல்றதெல்லாம் இப்போ ஒரே மாதிரி. எல்லாரும் நல்லவங்க, எல்லாரும் அழறாங்க, வில்லனே கிடையாது. மகாராஜா மாதிரி இன்னொண்ணு எடுக்கச் சொல்லு." படித்துவிட்டுச் சிரித்தேன். ஹாஸ்டல் மொட்டைமாடியில் பேசியதில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை நீ.

நீ அதிகம் திட்டியிருப்பது மெய்யழகனை. "ரெண்டு பேர் ராத்திரி பூரா பேசுறாங்க, இதுக்கு மூணு மணி நேரமா?" கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடியது 2024 செப்டம்பர் 27 அன்று வெளியான வடிவம். சில நாட்களிலேயே 18 நிமிடத்துக்கு மேல் வெட்டிவிட்டார்கள். நீ எதைப் பார்த்தாய் என்று எழுதவில்லை. எதுவாக இருந்தாலும், நீளம் அந்தப் படத்தின் நோய் இல்லை என்பது என் கட்சி.

ஒன்றும் நடக்கவில்லை என்கிறாயே, கொஞ்சம் யோசி. நீடாமங்கலத்துக் கல்யாணத்தில் ஒருவன் ஓடிவந்து "அத்தான்" என்று ஒட்டிக்கொள்கிறான். அருள்மொழியாக வரும் அரவிந்த்சாமிக்கு அவன் யாரென்று தெரியவில்லை. கேட்க வெட்கம். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு அவன் வீட்டிலேயே ராத்தங்க வேண்டியதாகிறது. சோறு போடுகிறான், கதை சொல்கிறான், உருகுகிறான். பெயர் மட்டும் இன்னும் நினைவுக்கு வரவில்லை. "என்னைத் தெரியுதா, சொல்லு பார்ப்போம்" என்று கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நிற்கும் பெரியப்பாக்களிடம் நாம் பட்ட பாட்டை நினைத்துப் பார். எனக்கு அந்த இரவு முழுக்க வயிற்றைப் பிசைந்தது. இதைவிட என்ன சஸ்பென்ஸ் வேண்டும்?

அந்த சைக்கிள் காட்சி. 1996-ல் வீட்டை இழந்து அருள்மொழியின் குடும்பம் ஊரை விட்டுக் கிளம்பியபோது விட்டுப்போன பழைய சைக்கிள், இவன் வாழ்க்கையையே தூக்கி நிறுத்தியிருக்கிறது. அதைக் கேட்கும்போது அரவிந்த்சாமி முகத்தைக் கவனித்தாயா? தனக்கு நன்றி சொல்பவனின் பெயர் தனக்குத் தெரியவில்லை. அந்த அவமானம் தாங்காமல்தான் விடியும் முன்பே சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடுகிறார். இதே இயக்குநர் பிரேம்குமாரின் 96 படத்திலும் ஒரே இரவுதான். ஆனால் அங்கே காதல் என்ற பழக்கப்பட்ட துணை இருந்தது. இங்கே வெறும் சொந்தபந்தத்தை வைத்துக்கொண்டு ஒரு இரவை ஓட்டுவது கஷ்டமான வேலை.

படத்தில் எனக்குக் குறையே இல்லை என்று நினைக்காதே. கார்த்தி நடித்த ஆளுக்கு ஒரு சின்ன மனத்தாங்கல்கூட இல்லாததுதான் என் குறை. இருபது வருஷத்துக்கு மேல் எட்டிப் பார்க்காத அத்தான் வந்து நிற்கிறார். "ஊருக்கு வர வழி தெரிஞ்சுதா?" என்று குத்தலாக ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? நம் ஊரில் பாசம் அதிகம் இருக்கும் இடத்தில்தான் குத்தலும் அதிகம். இவனுக்கு மாட்டிலிருந்து பழைய மன்னர்கள் வரைக்கும் எல்லார் மேலும் அன்பு, வஞ்சனையில்லாத அன்பு. கொஞ்ச நேரத்தில் அவன் மனுஷன் என்பதே மறந்துவிடுகிறது. உனக்குக் கொட்டாவி வந்தது அங்கேதான் என்று நினைக்கிறேன். அந்த இடத்தில் எத்தனை நிமிடம் வெட்டினாலும் கொட்டாவி குறையாது.

இனி உன் மகாராஜா. அதில் இயக்குநர் நிதிலன் செய்தது சாமர்த்தியமான வேலை, அதில் சந்தேகமில்லை. சலூன் வைத்திருக்கும் ஒரு ஆள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் "லட்சுமியைக் காணோம்" என்கிறார். லட்சுமி ஒரு குப்பைத்தொட்டி. தியேட்டரே சிரித்தது, நானும் சிரித்தேன். விஷயம் தெரிந்த பிறகு இரண்டாவது முறை பார்த்தால் அதே காட்சியில் சிரிப்பு வராது, நம்மேலேயே கோபம் வரும். சிங்கம்புலியை அப்படி ஒரு வேடத்தில் நிறுத்த ஒரு துணிச்சல் வேண்டும். விஜய் சேதுபதிக்கு அது ஐம்பதாவது படம். தன் ஐம்பதாவது படத்தில் இவ்வளவு குறைவாகப் பேசச் சம்மதிக்கும் நடிகர் நம்மிடம் எத்தனை பேர்? சீனாவில்கூட ஓடியது என்று எழுதியிருந்தாய். 2024 நவம்பர் 29-ல் அங்கே வெளியாகி நன்றாகவே ஓடியது, மறுக்கவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. பல வருஷத்துக்கு முந்தைய கதையை இன்றைக்கு நடப்பது போலப் பக்கத்திலேயே ஓட்டுகிறார்கள். கதையில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததை நமக்கு மட்டும் மறைத்து, கடைசியில் திறந்து காட்டுகிறார்கள். அந்தப் பூட்டுக்குச் சாவியாக ஆக்கப்பட்டது யார்? அந்த சலூன்காரர் வளர்க்கும் பெண். நடந்த கொடுமை அவளுக்கு. படமோ இரண்டு அப்பாக்களைப் பற்றியது. ஒரு அப்பா பழிவாங்குவதற்கும் இன்னொரு அப்பா நொறுங்குவதற்கும் அவள் வலி பயன்படுகிறது. அவள் வாய் திறந்து பேசும் இடங்கள் கொஞ்சம்தான், ஆனால் அவைதான் படத்திலேயே நிமிர்ந்த இடங்கள். அங்கிருந்து இன்னொரு படம் தொடங்கியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. என் மகள் தியேட்டரை விட்டு வெளியே வந்து, "ஏம்ப்பா, அப்பாங்க சண்டைக்கெல்லாம் பொண்ணுங்கதான் காரணமா வேணுமா?" என்று கேட்டாள். பார்க்கிங்கில் வண்டி எடுக்கிற சாக்கில் தப்பித்தேன்.

வில்லன் இருந்தால் கதை தானாக நகரும் என்பது உண்மை. ஆனால் வில்லன் என்பவர் திரைக்கதை எழுதுகிறவருக்கு ஒரு வசதி. படத்தில் யாராவது யாரையாவது காயப்படுத்தினால் போதும், அவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எனக்குப் பிடித்த படங்களில் காயப்படுத்துகிறவரும் நல்லவர்தான். அதனால்தான் வலி கூடுகிறது.

லப்பர் பந்து நீ பார்க்கவில்லை என்று எழுதியிருந்தாய். "கிரிக்கெட் படமா, போதும்டா" என்றால் எப்படி? தமிழரசன் பச்சமுத்துவின் முதல் படம். கெத்து என்று ஒரு நடுத்தர வயது பேட்ஸ்மேன், அட்டகத்தி தினேஷ். அன்பு என்று ஒரு பந்துவீச்சாளர், ஹரிஷ் கல்யாண். பெரியவரின் ஆட்டத்தில் ஒரு ஓட்டையை இளையவர் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார். அவ்வளவுதான், பகை. அப்புறம் பார்த்தால் அன்பு காதலிப்பது கெத்துவின் மகளை. கேட்டால் பழைய தமிழ்ப்படக் கதை மாதிரி இருக்கும். ஆனால் இரண்டு பேருமே நல்லவர்கள், இரண்டு பேர் வீம்பும் நமக்குப் புரிகிறது. யார் ஜெயித்தாலும் இன்னொருவருக்காக மனசு அடித்துக்கொள்ளும். ஊர் அணியில் திறமை இருந்தும் அன்புக்கு இடம் கிடைக்காததற்குச் சாதி காரணம். அதை ஒரு பிரசங்கமாகச் சொல்லாமல், பதினொரு பேரில் யார் பெயர் வரும், யார் பெயர் வராது என்பதிலேயே காட்டியிருக்கிறார். தெருவில் பந்து பொறுக்கிப்போட்டு வளர்ந்த யாருக்கும் அந்தக் கணக்கு தெரியும். உனக்கும் எனக்கும் ரொம்ப நன்றாகத் தெரியும்.

கெத்து மட்டையோடு இறங்கும்போது பொன்மனச் செல்வன் பாட்டு, "நீ பொட்டு வச்ச தங்கக் குடம்". விஜயகாந்த் இறந்தது 2023 டிசம்பரில், படம் வந்தது அடுத்த செப்டம்பரில். அந்தப் பாட்டு ஒலித்தபோது எங்கள் ஊர்த் தியேட்டரில் எழுந்து ஆடியவர்களில் பாதிப் பேர் என் வயசு. பக்கத்து சீட்டு ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டே விசிலடித்தார். பழைய பாட்டை எடுத்துச் செருகிவிட்டால் கைதட்டல் நிச்சயம் என்று இப்போது எல்லாப் படத்திலும் ஒன்று வைக்கிறார்கள், அது எனக்குச் சலித்துவிட்டது. இங்கே அந்த ஆள் தன்னை யாராக நினைத்துக்கொண்டு களத்தில் இறங்குகிறார் என்பதைப் பாட்டுதான் சொல்கிறது. படத்தில் குறை இல்லாமல் இல்லை. கடைசி அரை மணி நேரத்தில் எல்லாரும் அவசர அவசரமாகத் திருந்துகிறார்கள். கெத்துவின் மனைவி யசோதையாக நடித்த சுவாசிகாவுக்குக் கிடைத்த கனத்தில் கால்வாசிகூட மகள் பாத்திரத்துக்கு இல்லை. அதையெல்லாம் தாண்டியும் படம் நிற்கிறது. பார்த்துவிட்டுத் திட்டு.

கொட்டுக்காளியில் தூங்கிவிட்டேன் என்கிறாய். உன்மேல் தப்பில்லை. பின்னணி இசையே இல்லாத படத்தை, சூரி பெயர் போட்ட போஸ்டரைப் பார்த்துவிட்டுப் பாப்கார்னோடு போய் உட்கார்ந்தால் என்ன ஆகும்? இயக்குநர் வினோத்ராஜ் யாருக்காகவும் வேகத்தைக் கூட்டுகிறவர் இல்லை. தொண்டை கட்டி, கழுத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு சூரி பேசும் அந்தக் கரகரப்பான குரலுக்காகவாவது இன்னொரு முறை முயற்சி செய். காலையில் பார், ராத்திரி வேண்டாம். வழியை மறித்து நிற்கும் காளை முன்னால் மீசை வைத்த ஆம்பளைகள் எல்லாம் கைபிசைந்து நிற்க, ஒரு சின்னப் பெண் வந்து சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போவாள். நான் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். அதே நாளில் வாழை படமும் வந்ததால் இதைப் பார்க்க ஆளில்லாமல் போனது பாவம்.

டூரிஸ்ட் ஃபேமிலி விஷயத்தில் நீ சொல்வது பாதி சரி. எனக்கும் அதில் சர்க்கரை கூடிப்போனது. அபிஷன் ஜீவிந்த் இளம் வயதில் இவ்வளவு கலகலப்பாக ஒரு படம் எடுத்தது பெரிய விஷயம், சசிகுமாரும் சிம்ரனும் அழகாகப் பொருந்தியிருக்கிறார்கள். ஆனால் 2022 இலங்கை நெருக்கடியில் உண்மையாகவே படகேறி அரிச்சல்முனைப் பக்கம் வந்து இறங்கியவர்களைக் கொண்டுபோய் வைத்தது மண்டபம் முகாமில். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை. படத்தில் இலங்கையிலிருந்து தப்பி வந்த அந்தக் குடும்பம் மறைந்து வாழ்வது தெருவே சேர்ந்து சிரிக்கும் விளையாட்டாக ஆகிவிடுகிறது. பிடிபட்டால் என்ன ஆகும் என்ற பயம் ஒரே ஒரு காட்சியிலாவது நம் வயிற்றில் இறங்கியிருந்தால், அந்தச் சிரிப்புக்கு விலை கூடியிருக்கும். வில்லன் வராததற்காக நீ குறைபடுகிறாய், எனக்கு அந்தப் பயம் வராததுதான் குறை. இருந்தாலும் அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்தது, டிவியில் போடும்போதெல்லாம் பார்க்கிறார். அவரிடம் இந்த விமர்சனத்தைச் சொல்லும் தைரியம் எனக்கில்லை.

பெரிய படங்களைப் பற்றி என்ன எழுத? இந்தியன் 2 வெளியான பிறகு 12 நிமிடம் வெட்டினார்கள். கங்குவாவில் சத்தத்தைக் குறைக்கச் சொல்லித் தயாரிப்பாளரே தியேட்டர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. படத்தை எடுத்து முடித்த பிறகு ஜனங்களிடம் காட்டித்தான் எங்கே அலுக்கும், எங்கே காது வலிக்கும் என்று தெரிந்துகொள்வதா? நாயகன் வந்தது 1987-ல். மணிரத்னமும் கமலும் மறுபடி சேர்ந்து தக் லைஃப் வர 2025 ஆகிவிட்டது. இவ்வளவு வருஷம் காத்திருந்த கமல் ரசிகனிடம் அந்தப் படத்தைப் பற்றிக் கேட்பது மனிதாபிமானம் இல்லை. நான் உன் ரஜினியின் கூலியைப் பற்றி வாய் திறக்க மாட்டேன், நீ தக் லைஃப் பற்றி வாய் திறக்காதே. கணக்கு சரியாகிவிட்டது.

பைசன் பார்த்துவிட்டாயா? மாரி செல்வராஜ், மணத்தி கணேசனின் வாழ்க்கையை ஒட்டி எடுத்தது. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்தியக் கபடி அணியில் இருந்தவர், நம் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். நீ பள்ளிக்கூடத்தில் கபடி ஆடியவன், மூட்டு தேய்ந்தது அதனால்தான் என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவன். அதில் அந்தப் பையனுக்கென்று தனியாக ஒரு வில்லன் உண்டா, இல்லை சுற்றி நடக்கும் சண்டையே அவன் காலை வாருகிறதா என்று நீ சொல்லு. பசுபதியைப் பற்றி நான் முந்திக்கொண்டு எதுவும் சொல்லப் போவதில்லை. பார்த்த அன்றைக்கே எழுது, ஆறப்போடாதே.

பொங்கலுக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். இப்போதெல்லாம் ரயிலில் 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறார்கள், திறந்த கொஞ்ச நேரத்தில் பண்டிகை ரயில்கள் நிரம்பிவிடுகின்றன. அலாரம் வைத்து எழுந்து டிக்கெட் போடு. போன வருஷம் மாதிரி வெயிட்டிங் லிஸ்ட் கதை சொன்னால், அம்மா சுட்டு வைக்கும் அதிரசத்தில் உன் பங்கையும் நானே சாப்பிட்டுவிடுவேன்.

தங்கச்சிக்கும் மாப்பிள்ளைப் பையனுக்கும் என் அன்பைச் சொல்.

உன்
மச்சான்