வெடிக்காத துப்பாக்கி

எடிசன், நியூ ஜெர்சி

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய நாடகப் பிரதியை வெள்ளிக்கிழமை இரவு ஒரே மூச்சில் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பென்சிலை எடுத்துக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்து மறுபடியும் படித்தேன். தொலைபேசியில் பேசினால் பாராட்டிலேயே நேரம் போய்விடும், சொல்ல வேண்டியது தொண்டையிலேயே நின்றுவிடும் என்பதால் எழுதுகிறேன். ஆறு வயதில் இந்த நாட்டுக்கு வந்த உனக்குத் தமிழ் வாசிப்பு இப்போது வேகமாக வருவதில்லை என்று தெரியும். அவசரமில்லை, மெதுவாகப் படி.

நாடகம் நன்றாக வந்திருக்கிறது. பள்ளி வகுப்பறையை மேடையின் ஒரு பக்கத்திலும் அக்காவின் சமையலறையை மறுபக்கத்திலும் வைத்து, துப்பாக்கியோடு யாராவது பள்ளிக்குள் நுழைந்தால் என்ன செய்வது என்ற பயிற்சியில் தங்கை வகுப்பில் விளக்கை அணைத்துவிட்டு மேசைக்கடியில் மூச்சடக்கி ஒளியப் பழகும் அதே நிமிடத்தில், வாசலில் கணவனின் கார்ச் சத்தம் கேட்டு அக்கா தொலைக்காட்சியின் ஒலியைக் குறைக்கிறாள் என்று நீ எழுதியிருக்கும் இடத்தில் நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். இருபது வயதில் இதை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். ஆனால் கடைசிக் காட்சியில் விளக்கு அணைந்த பின் இருட்டில் கேட்கும் அந்தத் துப்பாக்கிச் சத்தத்தை நீ எடுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

பதினோரு ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில் நான் எங்கே போகிறேன் என்பது உனக்குத் தெரியும். அங்கே என்ன கேட்கிறேன் என்பதை உன்னிடம் சொன்னதில்லை. வீட்டு வன்முறையில் சிக்கிய தெற்காசியப் பெண்களுக்கென்று இந்த நாட்டில் முதன்முதலில் தோன்றிய அமைப்பான மானவி, 1985-இல் நம் நியூ ஜெர்சியில்தான் தொடங்கப்பட்டது. பிறகு வேறு பல ஊர்களிலும் அத்தகைய அமைப்புகள் வந்தன. அப்படி ஒன்றில்தான் தமிழ் மட்டுமே சரளமாக வரும் பெண்களுக்கு நான் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். அங்கே கேட்ட எவருடைய கதையையும் வெளியே சொல்லக் கூடாது. உனக்கும் சொல்ல மாட்டேன். பலர் வாயிலிருந்து, வெவ்வேறு ஆண்டுகளில், ஏறக்குறைய ஒரே சொற்களில் வந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். “அவர் ஒரு நாளும் சுட்டதில்லை அக்கா. பேச்சு முற்றினால் எடுத்து வந்து சாப்பாட்டு மேசை மேல் வைப்பார், அவ்வளவுதான்.” அந்த ‘அவ்வளவுதான்’ என்ற சொல்லை எதிரே இருக்கும் வழக்கறிஞருக்கு ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

வீட்டிலிருக்கும் துப்பாக்கி பெரும்பாலும் வெடிக்காமலேயே தன் வேலையைச் செய்துவிடுகிறது. அவள் எந்த நேரத்துக்குத் திரும்ப வேண்டும், ஊரிலிருக்கும் தாயிடம் எவ்வளவு நேரம் பேசலாம், சம்பளம் யாருடைய கணக்கில் விழ வேண்டும் என்பதையெல்லாம் அது தீர்மானிக்கிறது. சில வீடுகளில் அவன் தொலைக்காட்சி பார்த்தபடியே அதைத் துணியால் துடைத்துக்கொண்டிருப்பான். அவ்வளவு போதும், அன்றைய வாக்குவாதம் முடிந்துவிடும். உடம்பில் காயம் இருக்காது, அக்கம்பக்கத்தாருக்குச் சத்தம் கேட்டிருக்காது. ஜாக்குலின் கேம்ப்பெல் என்ற செவிலியத் துறைப் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், துன்புறுத்தும் துணைவனுக்குத் துப்பாக்கி எட்டும் இடத்தில் இருந்தால் அந்தப் பெண் கொல்லப்படும் அபாயம் ஐந்து மடங்காகிறது என்று கண்டார்கள். அந்தக் கணக்கு அந்தப் பெண்களுக்குத் தெரியாது. ஆனால் மேசை மேல் அது எந்தப் பக்கம் பார்த்து வைக்கப்பட்டிருந்தது என்பதை அவர்களில் எவரும் மறந்ததில்லை.

உன் அரங்கில் நூற்றிருபது பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்று வைத்துக்கொள். இருட்டில் சத்தம் கேட்டதும் பெரும்பாலானோர் அழுவார்கள், பிறகு விளக்கு வந்ததும் கைதட்டுவார்கள். நடந்தது ஒரு கொலை, அதற்கு அழுதாயிற்று என்ற நிறைவோடு எழுந்து போவார்கள். அவர்களுக்கு நடுவில், இன்னும் வெடிக்காத ஒரு துப்பாக்கி இருக்கும் வீட்டிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தால், ‘என் நிலைமை இந்த அளவுக்குப் போகவில்லை’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். அதற்குத்தான் நான் பயப்படுகிறேன். உன் நாடகத்தில் கணவன் துப்பாக்கியை மேசை மேல் வைக்கட்டும். அக்கா தட்டில் சோறு பரிமாறட்டும். பள்ளியிலிருந்து வரும் தங்கை தன் பையை அதே மேசையில் வைக்கப் போய், வைக்காமல் நிற்கட்டும். உடனே விளக்கை அணைத்துவிடாதே. பார்ப்பவர்கள் அந்த மேசையைக் கொஞ்சம் நேரம் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

ஒரு தகவல் பிழையையும் குறித்து வைத்தேன். மனைவியைப் பாதுகாக்க நீதிமன்றத் தடையுத்தரவு வந்ததும் கணவன் துப்பாக்கியைத் தன் அண்ணனிடம் கொடுத்து வைக்கிறான், சில நாளில் திரும்பப் பெறுகிறான் என்று எழுதியிருக்கிறாய். உன் கல்லூரி இருக்கும் பென்சில்வேனியாவில் அப்படிக் கொடுத்து வைப்பது ஒரு காலத்தில் சட்டப்படியே நடக்கக் கூடியதாக இருந்தது. 2018-இல் நிறைவேறி 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 79-ஆம் எண் சட்டத்தின்படி, விசாரணைக்குப் பின் இறுதி உத்தரவு வந்துவிட்டால் 24 மணி நேரத்துக்குள் ஷெரிஃபிடமோ காவல் துறையிடமோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்தாக வேண்டும். முன்போல அண்ணன் தம்பியிடமோ நண்பனிடமோ கொடுத்து வைக்க முடியாது. இப்படிப்பட்ட உத்தரவுக்கு உட்பட்டவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் 2024 ஜூன் 21 அன்று ரஹிமி வழக்கில் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. இதற்காகக் காட்சியை நீக்க வேண்டியதில்லை. சட்டம் தெரிந்தே, ‘இது நம் வீட்டு விஷயம்’ என்று சொல்லிக்கொண்டு அந்த அண்ணன் வாங்கி வைக்கிறான் என்று மாற்று. அப்படிப்பட்ட அண்ணன்களை நான் அறிவேன், அவர்கள் கெட்டவர்களாகத் தெரிவதில்லை.

வகுப்பறைக் கதையையும் வீட்டுக் கதையையும் இரண்டு தனிப் பிரச்சினைகளாகக் காட்டுவதாக உங்கள் குழுவில் சிலர் குறை சொன்னார்கள் என்று எழுதியிருந்தாய். அவர்களுக்குச் சொல்: இரண்டும் ஒன்றுதான். 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட்டின் நியூடவுனில் சேண்டி ஹூக் பள்ளிக்குள் நுழைந்து 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் கொன்றவன், அதற்கு முன் வீட்டில் தன் தாயைக் கொன்றுவிட்டுத்தான் கிளம்பினான். 2022 மே 24 அன்று டெக்ஸஸின் யுவால்டியில் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்றவன் முதலில் சுட்டது தன் பாட்டியை. 2017 நவம்பரில் அதே டெக்ஸஸின் சதர்லாந்து ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் சுட்டவன், விமானப் படையில் இருந்தபோது மனைவியையும் அவளுடைய சிறு மகனையும் அடித்ததற்காக 2012-இல் ராணுவ நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவன். அந்தத் தண்டனையைத் துப்பாக்கி வாங்குவோரைச் சோதிக்கும் தேசியப் பதிவில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள், அவனும் கடையில் போய் வாங்கினான். ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும் பட்ட அடியை யாரோ ஒரு கோப்பில் எழுத மறந்ததால் ஒரு ஊரின் தேவாலயம் பிணக்கூடமானது. வீட்டுக்குள் நடப்பது வீட்டுக்குள்ளேயே இருந்துவிடும் என்று இன்னமும் நம்புகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

சேண்டி ஹூக் நடந்த அன்று நீ இரண்டாம் வகுப்பில் இருந்தாய். மாலையில் பள்ளி வாசலில் எல்லாத் தாய்மாரும் வழக்கத்தைவிட முன்னதாகவே வந்து நின்றோம், ஒருவரோடொருவர் பேசவில்லை. சில வாரங்கள் கழித்து நீ வீட்டுக்கு வந்து, வகுப்பில் யார் அதிக நேரம் சத்தமில்லாமல் இருக்கிறார்கள் என்று ஒரு விளையாட்டு வைத்தார்கள், நான்தான் ஜெயித்தேன் என்று சொன்னாய். உன்னைப் பாராட்டிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உன் நாடகத்தில் தங்கை அதே போட்டியில் ஜெயித்ததாக அக்காவிடம் சொல்கிறாள். நீ அதை மறக்கவில்லை என்பது எனக்கு அந்த வரியில்தான் தெரிந்தது.

2018 பிப்ரவரி 14 அன்று ஃபுளோரிடாவின் பார்க்லாந்துப் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்டபோது, அங்கே நாடக வகுப்பு ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தது. ஆசிரியை மெலடி ஹெர்ஸ்ஃபெல்ட் 65 மாணவர்களை வகுப்பறையை ஒட்டிய சின்ன அறைக்குள் கூட்டிப் போய் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். அந்த ஜூன் மாதம் டோனி விருது விழாவில் அவருக்குச் சிறந்த நாடக ஆசிரியருக்கான விருது கொடுத்தார்கள், அவருடைய மாணவர்கள் மேடையேறிப் பாடினார்கள். நம் வீட்டுச் சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பதின்மூன்று வயதுப் பையன் மறுநாள் பள்ளி நாடகக் குழுவில் பெயர் கொடுத்துவிட்டு வந்தான். பிறகு மைக்கேல் கோட்டி என்ற நாடகத் தயாரிப்பாளர், துப்பாக்கி வன்முறை பற்றிப் பதின்பருவத்தினரே பத்து நிமிட நாடகங்கள் எழுத வேண்டும் என்று அழைப்பு விடுத்து, தேர்ந்தெடுத்தவற்றை 2020 டிசம்பர் 14 அன்று, சேண்டி ஹூக் நினைவு நாளில், நாட்டின் பல நகரங்களில் ஒரே நாளில் வாசிக்க வைத்தார். நீயும் அப்போது ஒன்று எழுதினாய், அனுப்பவில்லை. அந்தப் பக்கங்கள் இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன.

நாடகம் முடிந்ததும் பார்வையாளர்களை மேடைக்கு அழைக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறாய். பிரேசில்காரரான அகஸ்தோ போவால் உருவாக்கிய அந்த முறையை நான் மதிக்கிறேன். பார்ப்பவர் ‘நிறுத்து’ என்று சொல்லி எழுந்து வந்து, ஒடுக்கப்பட்டவரின் இடத்தில் தான் நின்று வேறு வழியைச் செய்து பார்க்கலாம் என்பது பெரிய சுதந்திரம். ஆனால் இந்தக் கதையில் அக்காவின் இடத்துக்கு யாரையும் வரவிடாதே. வருகிற நல்ல பிள்ளை துணிச்சலாக அவனை எதிர்த்துப் பேசுவான், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்து போவான், எல்லாரும் கைதட்டுவார்கள். இவ்வளவு எளிதானதை அவள் ஏன் செய்யவில்லை என்ற கேள்விதான் அரங்கில் மிஞ்சும். கிளம்பும் நேரமும் கிளம்பிய பிறகு வரும் வாரங்களும்தான் ஒரு பெண்ணுக்கு மிகவும் ஆபத்தானவை. எந்த நாளில், யார் துணையோடு, எந்தக் காகிதங்களை எடுத்துக்கொண்டு வெளியேறுவது என்று நாங்கள் அவளோடு உட்கார்ந்து மாதக்கணக்கில் திட்டமிடுகிறோம். எனவே மற்றவர்களின் இடங்களைத் திறந்து வை. தங்கையின் வகுப்புத் தோழியின் இடத்தில், மாடியில் குடியிருப்பவரின் இடத்தில், கண்ணில் பட்டதைக் கேட்காமல் விட்ட ஆசிரியரின் இடத்தில், அந்த அண்ணனின் இடத்தில் வந்து நிற்கட்டும். நம் ஊரில் பக்கத்து வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டால் வானொலியைக் கூட்டி வைப்பார்கள். சின்னப் பெண்ணாக இருந்தபோது அந்தக் குமிழைத் திருகியவள் நான்தான், அம்மா சொன்னதற்காகத் திருகினேன். அந்த இடத்தில் இப்போது நின்று பார்க்க எனக்கும் ஆசை.

இனிச் சில நடைமுறைகள். தோட்டா இல்லாவிட்டாலும், வெற்றுத் தோட்டா போட்டாலும், சுடக்கூடிய எதுவும் உங்கள் மேடைக்கு வேண்டாம். சுடவே முடியாத வார்ப்புப் பொம்மையாக இருக்கட்டும். அதையும் மேடை மேலாளர் ஒருவர் மட்டுமே பூட்டி வைத்து, காட்சிக்கு முன் எடுத்துக் கொடுத்து, முடிந்ததும் எண்ணி வாங்கிப் பூட்டட்டும். ஒத்திகை தொடங்கும் முன் கல்லூரிக் காவலர்களுக்குச் சொல்லிவிடுங்கள். வளாகத்தில் யாரோ ஒருவர் கையில் அது இருப்பதைத் தூரத்திலிருந்து பார்க்கும் மாணவிக்கு அது பொம்மை என்று தெரியாது. கணவன் அக்காவின் கையைப் பிடித்து இழுக்கும் இடத்தை ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் மெதுவாக ஒரு முறை செய்து பாருங்கள். கணவனாக நடிக்கும் பையனையும் கவனித்துக்கொள். மூன்று வாரம் அப்படி ஒருவனாக நிற்பது அவனுக்கும் சுமைதான். காட்சி முடிந்ததும் அவன் தன் பெயரைச் சொல்லி, உடையை மாற்றி, எல்லாரோடும் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

உதவி எண்ணை நிகழ்ச்சித் தாளில் அச்சிட்டிருக்கிறாய். தேசிய வீட்டு வன்முறை உதவி எண்ணான 1-800-799-7233-ஐ அங்கே போடுவதில் தவறில்லை. ஆனால் அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்திருக்கும் பெண் அந்தத் தாளோடு வீட்டுக்குப் போக முடியாது, அவள் கணவனே பக்கத்து இருக்கையில் இருக்கவும் கூடும். கழிவறைக் கதவுகளின் உட்பக்கத்தில், கிழித்து எடுக்கும்படி சின்னச் சின்னத் துண்டுகளாக ஒட்டி வை. அங்கேதான் அவள் தனியாக இருப்பாள். அனுபவப்பட்டவர்கள் எழுந்து பேசலாம் என்று மேடையிலிருந்து அழைக்காதீர்கள். பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் அரங்குக்கு வெளியே, கண்ணில் படும்படி, ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும்.

அக்டோபர் மாதக் காட்சிக்கு நானும் அப்பாவும் காரில் வருகிறோம். உனக்குப் பிடித்த புளியோதரையும் உன் குழுவினருக்குச் சேர்த்து நிறைய முறுக்கும் கொண்டுவருவேன். அப்பாவுக்கு முன்வரிசையில் இடம் போடு, அவர் உன்னைப் பக்கத்தில் பார்க்க வேண்டுமாம். எனக்குக் கடைசி வரிசையில், கதவை ஒட்டிய இருக்கை வேண்டும். காட்சியின் நடுவில் யாராவது எழுந்து வெளியே போனால், பின்னாலேயே நானும் எழுந்து போக வசதியாக இருக்கும்.

உன் அம்மா