நாடுகளை ஒப்பிடும் முன்

ஆசிரியருக்கு,

ஆக்ஸ்போர்டில் உள்ள இதழியல் ஆய்வு மையமான ராய்ட்டர்ஸ் இன்ஸ்டிடியூட், பல நாடுகளில் மக்கள் செய்தியை எப்படிப் பெறுகிறார்கள் என்று கேட்டு 2012 முதல் வெளியிடும் டிஜிட்டல் செய்தி அறிக்கையைக் காட்டி, 'இந்தியர்கள் இப்படித்தான் செய்தி படிக்கிறார்கள்' என்று எழுதுவது தவறு. நாட்டுக்குச் சுமார் 2,000 பேரிடம் இணையம் வழியே கேட்கிறார்கள். ஏறக்குறைய எல்லாருமே இணையத்தில் இருக்கும் நார்வேக்கு அது பொருந்தும். இங்கோ, ஆங்கிலம் அறிந்த இளையவர்களே பெரும்பாலும் சிக்குகிறார்கள். டீக்கடையில் தமிழ் நாளிதழ் புரட்டுபவர் கணக்கிலேயே இல்லை. இந்த வரம்பை அறிக்கையே சொல்கிறது. செய்தியாக்கும்போது அந்த வரிதான் முதலில் வெட்டுப்படுகிறது! 20,000 பேரைக் கேட்டாலும் குறை தீராது, வட்டம் அதேதான். வீடு வீடாகச் சென்று தமிழில் கேட்டால்தான் தீரும். அதுவரை, இந்திய எண்ணை வேறு நாட்டு எண்ணோடு அல்ல, முந்தைய ஆண்டின் இந்திய எண்ணோடு ஒப்பிடுங்கள். யாரிடம், எந்த மொழியில் கேட்டார்கள் என்பதையும் சேர்த்தே அச்சிடுங்கள்.

– வாசகர், மதுரை