தார் வேண்டாம், பங்காளிகளே: நம் தூண்டில் கோஷ்டிக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பங்காளிகளுக்கு,

போன ஞாயிறு காளவாசல் டீக்கடையில் நான் வாயே திறக்கவில்லை, கவனித்திருப்பீர்கள். நீங்கள் நாலு பேரும் முடிவெடுத்துவிட்டுத்தான் வந்திருந்தீர்கள் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆளுக்கு இவ்வளவு போடுவது, மீதிக்கு லோன், தீபாவளிக்குள் கறுப்பில் ஒரு மஹிந்திரா தார் ஜீப், முதல் பயணம் தனுஷ்கோடி. ஆரப்பாளையம் அண்ணன் அந்த வண்டி ஆற்றுக்குள் இறங்கி அந்தக் கரையில் ஏறுகிற வீடியோவை மூன்று தடவை போட்டுக் காட்டினார். வைகையில் அவ்வளவு தண்ணீர் வருஷத்தில் எத்தனை நாள் ஓடுகிறது அண்ணே என்று கேட்க நினைத்தேன், வடை வந்துவிட்டது, விட்டுவிட்டேன்.

அங்கே பேசியிருந்தால் சண்டையாகியிருக்கும், அதனால்தான் எழுதுகிறேன். ஊரே படிக்கிற மாதிரி எழுதுவதற்கும் காரணம் உண்டு: மதுரையில் சனிக்கிழமை ராத்திரி தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற கோஷ்டி நாம் மட்டும் இல்லை, வண்டி வாங்கும்போது அவர்களும் இதே இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

முதலில் சின்னக் கணக்கு. நாம் ஐந்து பேர். மூன்று கதவுத் தாரில் நாலு சீட்டு. இதை அன்றைக்கு ஒருத்தரும் கேட்கவில்லை! ஜிம்னி என்று திருநகர் மாப்ள முணுமுணுத்தானே, அதிலும் நாலுதான். ஐந்து பேர் உட்காருகிற ஐந்து கதவுத் தார் 2024இல் வந்தது உண்மை, ஆனால் அந்த விலைக்குப் போனால் தூண்டில் வாங்கக்கூட காசு மிஞ்சாது. பின்சீட்டில் மூன்று பேர் நெருக்கிக்கொள்ளலாம் என்பீர்கள். சரி, ஐஸ் பெட்டி யார் மடியில்?

அந்த வண்டியை நான் குறை சொல்லவில்லை. தரையிலிருந்து 226 மில்லிமீட்டர் உயரம், 650 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கும் என்கிறார்கள், இரண்டிலும் சந்தேகமில்லை. ஆனால் நாம் போகிற இடங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பாருங்கள். தொண்டிக்குப் போகிறோம்: கொச்சியில் கிளம்பி மூணாறு, தேனி, நம் மதுரை, சிவகங்கை என்று வந்து தொண்டியில் முடிகிற 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அது, கடல் வாசனை வருகிறவரை தார் ரோடு. தேவிபட்டினமும் மண்டபமும் அப்படியே. தனுஷ்கோடியில் முன்பு மணலுக்குள் வேன் வைத்துத்தான் போகவேண்டும், அந்தக் காலத்தில் நீங்கள் இதைக் கேட்டிருந்தால் நானே முன்பணம் கொடுத்திருப்பேன். 2017இல் அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்டுவிட்டார்களே. பாம்பன் பாலத்தில் நின்று ரயில் பாலத்தைப் படம் எடுக்கிற டூரிஸ்ட் பஸ்ஸெல்லாம் அங்கே போய்த் திரும்புகிறது. ரோட்டைத் தாண்டி இருக்கிறது மணல், அதில் வலை காயப்போட்டிருப்பார்கள், கருவாடு காயும், வள்ளம் ஏற்றி வைத்திருப்பார்கள். அங்கே ஜீப்பை ஏற்றி உறுமவிடுவதற்கு நமக்கு என்ன உரிமை? நூறு அடி நடந்தால் கடல். தூண்டில்காரனுக்கு நூறு அடி நடக்க முடியாவிட்டால் அவன் மீன் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

கண்மாய்க் கதை வேறு. இங்கேதான் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும் என்று நீங்கள் அடம்பிடிப்பீர்கள், இங்கேதான் அது கொஞ்சமும் உதவாது. மூன்று வருஷத்துக்கு முன் கள்ளிக்குடி பக்கம் ஒரு கண்மாயில் நடந்ததை உங்களில் இரண்டு பேர் கூட இருந்து பார்த்தவர்கள். உறவுக்காரர் ஒருத்தரின் பெரிய ஜீப், அதுவும் நாலு சக்கர இழுவைதான். தண்ணீர் வற்றிய கண்மாய்த் தரை மேலே காய்ந்து பொருக்குத் தட்டி, வெடித்து, கிரிக்கெட் ஆடலாம் போல இருந்தது. இறக்கினோம். நாற்பது அடி ஜோராகப் போனது. அப்புறம் பொருக்கு உடைந்தது, உள்ளே களி. அந்தக் கரம்பை சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அப்பி அடைத்துக்கொண்டது. டயரில் பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தால் என்ன, களி நிரம்பினால் அது வழவழ உருளைதான். இரண்டு சக்கரம் இழுக்கிற வண்டி இரண்டு சக்கரத்தில் தோண்டிக்கொள்ளும், இது நாலிலும் தோண்டிக்கொண்டது. பக்கத்து ஊர் டிராக்டர் வந்து இழுத்துப் போட சாயங்காலம் ஆனது, காசும் போனது, ஒரு ஜிலேபிக் கெண்டைகூடப் பிடிக்கவில்லை. டிராக்டர்காரர் கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னது எனக்கு மறக்காது: "கரையில நிப்பாட்டிட்டு நடந்து வந்திருக்கலாம்ல தம்பி?"

அதோடு முள். நம் கண்மாய்க்கரை எதை எடுத்தாலும் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். புது வண்டியின் பளபள பெயிண்டில் அது போடுகிற கோடு முதல் மாசமே செல்லூர் பங்காளியின் கண்ணில் ரத்தம் வரவைக்கும், நாம் தூண்டில் போடுவதை விட்டுவிட்டு வண்டிக்குக் காவல் நிற்போம். டயரையும் விடாது அந்த முள். டியூப்லெஸ் டயரும், ஓட்டையில் திரி செருகுகிற பஞ்சர் கிட்டும், பன்னிரண்டு வோல்ட்டில் ஓடுகிற காற்றுப் பம்பும் இருந்தால் அங்கேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடலாம். நாலு சக்கர இழுவைக்குக் கொடுக்கிற காசில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும்.

உண்மையில் கண்மாய்க்கான வண்டி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. டிவிஎஸ் எக்ஸெல் மொபெட். சிரிக்காதீர்கள். கரை எவ்வளவு குறுகலானாலும் போகும், கலுங்கு ஓரம் மாட்டினால் இரண்டு பேர் தூக்கி வைத்துவிடலாம், மொத்தம் தொண்ணூறு கிலோவுக்குள்தான். கால் வைக்கிற இடத்தில் ஐஸ் பெட்டி அப்படியே உட்காரும். மதுரையில் பஸ் ஓட்டி வளர்ந்த குடும்பத்துக் கம்பெனியின் வண்டி என்பதால் சொல்லவில்லை, 99.7 சிசி இன்ஜின் நம் சோழவந்தான், நிலையூர், சாத்தையாறு பயணத்துக்குத் தாராளம். இன்னொரு லாபமும் உண்டு. கண்மாய் மீன் பாசி குத்தகைக்காரரிடம் கேட்டுத்தானே தூண்டில் போடுகிறோம்? எக்ஸெல்லில் போய் இறங்கிக் கேட்டால் "ரெண்டு கெண்டை பிடிச்சுட்டுப் போங்க" என்பார். கறுப்புத் தாரில் போய் இறங்கினால் அவர் என்ன ரேட் சொல்வார் என்று நினைக்கிறீர்கள்?

ஆக, வண்டி வேண்டியது கடலுக்கு மட்டும். மாசத்துக்கு இரண்டு தடவை, ராத்திரி ஒன்றரை மணிக்குக் கிளம்பி, விடியும்போது கரையில் நின்று, மத்தியானம் திரும்புகிற பயணத்துக்கு. அந்தப் பயணத்தில் வண்டி படுகிற பாடு போகும்போது இல்லை, வரும்போது. போகும்போது ஐந்து சுத்தமான ஆள், காய்ந்த தூண்டில், ஐஸ். வரும்போது உப்புத் தண்ணீரில் ஊறிய ஐந்து பேர், மணல், மிச்ச இறால், நெத்தலி இரை, உருகிய ஐஸ், பாறை மீனோ ஊளி மீனோ மாட்டியிருந்தால் ரத்தம். என் மச்சான் காரில் நடந்ததை அவரிடம் இன்றுவரை முழுசாகச் சொல்லவில்லை. தெர்மாகோல் பெட்டியின் மூலையில் ஒரு விரிசல், மீன் தண்ணீர் டிக்கியில் இறங்கி, கம்பளத்துக்கு அடியில் ஸ்டெப்னி குழிக்குள் போய்த் தேங்கிவிட்டது. மேலே துடைத்து ஸ்ப்ரே அடித்துக் கொடுத்துவிட்டேன். நாலாவது நாள் அக்கா போன் செய்தாள், "காருக்குள்ள ஏதோ எலி செத்துக் கிடக்கு போலடா" என்று. மூன்று மாசம் அந்த வாடை போகவில்லை. அவர்கள் கோயிலுக்குப் போகும் கார் அது.

அதனால் நான் வண்டியைப் பார்க்கும்போது கேட்கிற முதல் கேள்வி: இதற்குள் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவ முடியுமா? கம்பளம், துணி சீட்டு, பளபள பிளாஸ்டிக் எல்லாம் நமக்கு எதிரி. இரண்டாவது, தூண்டில் எங்கே படுக்கும்? கடலுக்கு நாம் வைத்திருப்பது பன்னிரண்டடி ராடு, இரண்டாகக் கழற்றினாலும் துண்டு ஆறடி. மூன்று கதவுத் தாரில் பின்சீட்டில் ஆள் இருந்தால் சாமானுக்கு இடம் என்று சொல்ல ஒன்றுமில்லை, ஆறடிக் கம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு பரமக்குடி ரோட்டில் போவீர்களா? ரீல் மாட்டிய ராடைக் கதவில் வைத்து நசுக்கி நுனி உடைத்தவர் யார் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை.

என் யோசனை மாருதி ஈகோ வேன். பழசு. ஐந்து சீட்டு உள்ளது.

தெரியும், ஸ்கூல் பிள்ளை ஏற்றுகிற வண்டி, ஆம்புலன்ஸ் வண்டி என்பீர்கள். ஏன் அதை அவர்கள் எடுக்கிறார்கள் என்று யோசித்தீர்களா? பின்சீட்டுக்குப் பின்னால் தட்டையான பெரிய இடம், இரண்டு ஐஸ் பெட்டியும் பைகளும் போய் இன்னும் மிச்சம் இருக்கும், ராடு முன்சீட்டு இடைவெளியிலிருந்து பின்கதவுவரை நேராகப் படுத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் தள்ளுகதவு. ஒரு பக்கம் முள்ளும் மறு பக்கம் பள்ளமுமாக இருக்கிற ஒடுங்கின ரோட்டில், கதவை அகலத் திறக்காமல் இறங்க முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று நம்மை மாதிரி ஆட்களுக்குத்தான் தெரியும். பின்கதவு மேலே தூக்குகிற கதவு, வெயிலில் அதன் கீழே நின்று தூண்டில் முள் கட்டலாம். விலை, புதுசுக்குப் புதுசு பார்த்தாலே தாரில் ஏறக்குறைய பாதி. குறைகளையும் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டக்கூடாது. இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது, சித்திரையில் ஓட்டுகிறவருக்குக் கீழே சூடு ஏறும். தரை இடைவெளி 160 மில்லிமீட்டர்தான், ஐந்து பேரோடு வேகத்தடையில் நிதானம் வேண்டும். சின்ன டயர், லேசான உடம்பு, பாம்பன் பாலத்துக் காற்றில் ஸ்டியரிங் பக்கவாட்டில் இழுக்கும், எழுபதுக்கு மேல் விரட்டக்கூடாது. இதெல்லாம் ஒத்துவராது என்றால் பழைய பொலிரோ பாருங்கள், தரை இடைவெளி 180, பட்டை ஸ்பிரிங், எந்த ஊர் மெக்கானிக்குக்கும் தெரிந்த வண்டி. குலுக்கித் தள்ளும், டீசல் பழசானால் புகையும். பழைய ஆம்னி வேண்டாம், 2019இலேயே நிறுத்திவிட்டார்கள். செல்லூர் பங்காளி சொன்ன சின்ன யானையும் வேண்டாம், சரக்கு வண்டியில் பின்னால் ஆள் ஏற்றுவது சட்டப்படி தப்பு, ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் கையை விரித்துவிடுவார்.

பழசு பார்க்கும்போது நம்பர் பிளேட்டைப் பாருங்கள். டிஎன் 65, 69 என்றால் ராமநாதபுரம், தூத்துக்குடி. கடற்கரை வண்டி கட்டாயம் துருப்பிடித்திருக்கும் என்று இல்லை, ஆனால் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்க்காமல் வாங்கக்கூடாது: சேஸிஸ் ஓரம், தள்ளுகதவின் தண்டவாளம், சைலன்சர், மிதியடிக்குக் கீழே தகரம். புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். நாம் வாங்கின பிறகும் இதே கதைதான், ஒவ்வொரு தடவையும் திரும்புகிற வழியில் ஒரு வாட்டர் சர்வீஸில் அடியைக் கழுவிவிட்டுத்தான் மதுரைக்குள் வரவேண்டும். தீபாவளி கறுப்பு வண்டிக்கு மாலை போடக் கிளம்பியவர்கள் யாராவது அதைச் செய்வீர்களா, இல்லை வீட்டில் அசந்து தூங்குவீர்களா? முன்னால் இரும்புக் கம்பி பம்பர் வைக்கிற ஆசையையும் இப்போதே விட்டுவிடுங்கள், 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதற்குத் தடை சொல்லிவிட்டது.

கூட்டுப் பணம் பற்றி ஒன்று. ஐந்து பேர் காசு போட்டாலும் ஆர்சி ஒருத்தர் பேரில்தான் இருக்கப் போகிறது. ஓனர் டிரைவருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பீடு அவருக்கு மட்டும்தான்; ஓட்டுகிற மற்றவருக்கும் உட்கார்ந்து வருகிற நமக்கும் தனியாகக் கட்டிச் சேர்க்கவேண்டும். யார் எவ்வளவு போட்டார், விலகினால் என்ன என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவோம். நட்பில் இதெல்லாம் எதற்கு என்று அண்ணன் கோபப்படுவார். கோபப்படட்டும். பெரிய லோன் வண்டியில் ஒரு மாசத் தவணை தவறினால் எழுகிற கோபத்துக்கு இது பரவாயில்லை.

அப்புறம் தூக்கம். ராத்திரி முழுக்க விழித்துவிட்டு, மீன் குழம்புச் சாப்பாட்டையும் சாப்பிட்டுவிட்டு, மத்தியானம் ஒரு மணிக்கு ராமநாதபுரத்திலிருந்து ஓட்டுகிறவரைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. எந்த வண்டியானாலும் இரண்டு பேர் ஓட்டவேண்டும், ஒருத்தர் ஓட்டும்போது மற்றவர் பின்னால் காலை நீட்டித் தூங்கவேண்டும். போன மாசம் மானாமதுரை தாண்டி வண்டி ஓரத்து மண்ணில் இறங்கியபோது நான் விழித்திருந்தேன். ஓட்டியவர் விழித்திருக்கவில்லை. அவருக்கே இன்றுவரை தெரியாது, இப்போது படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

தெப்பக்குளம் பக்கம் ஒருத்தர் ஈகோ ஒன்றை விற்கப் போவதாகச் சொன்னார், டிஎன் 59, ஒரே ஓனர். ஞாயிறு காலை ஏழு மணிக்குப் போய்ப் பார்க்கிறேன். நீங்களும் வாருங்கள், வரும்போது திருநகர் மாப்ள அந்தப் பன்னிரண்டடி ராடையும் பெரிய ஐஸ் பெட்டியையும் எடுத்துவரட்டும், உள்ளே வைத்தே பார்த்துவிடலாம். டார்ச் நான் கொண்டுவருகிறேன். அடியில் படுத்துப் பார்ப்பதற்குப் பழைய சாக்கு ஒன்று யாராவது.

உங்கள் பங்காளி,
பின்சீட்டில் இரைப் பெட்டியை மடியில் வைத்து வருகிறவன்