லண்டன் நகரசபைக்கு: மாதத்தில் ஒரு சனிக்கிழமை வேண்டும்

ஒன்ராறியோ மாகாணத்து லண்டன் நகரசபை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் லண்டனில் இருக்கிறேன் என்றால் சொந்தக்காரர்கள் இங்கிலாந்து என்றே நினைக்கிறார்கள். "தேம்ஸ் ஆறு பக்கத்திலா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கேயும் ஒரு தேம்ஸ் ஓடுகிறதே! சரி, விஷயத்துக்கு வருகிறேன்: விருந்துகளில் பாட்டுகளைக் கலந்து ஒலிக்கவிடும் டிஜேக்கள், அதிலும் புதியவர்கள், தொழில் பழக ஓர் இடம் வேண்டும்.

லவுட் லக்ஷரி என்ற டிஜே இரட்டையரை உங்களுக்குத் தெரியும். ஆண்ட்ரூ ஃபெடிக்கும் ஜோ டி பேஸும் இங்கே வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது சந்தித்தவர்கள். 2017-இல் பிராண்டோ என்ற பாடகரோடு அவர்கள் வெளியிட்ட 'பாடி' என்ற பாட்டு பிரிட்டன் பாடல் தரவரிசையில் நான்காம் இடம் வரை போனது. 2019-இல் கனடாவின் இசை விருது விழாவான ஜூனோ நம் ஊரிலேயே நடந்தது. ஆண்டின் நடனப் பதிவுக்கான விருது அந்தப் பாட்டுக்கு. படித்த ஊரிலேயே விருது! ஆனால் அதற்குள் அவர்கள் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபோய்விட்டார்கள்.

போனதில் தப்பில்லை. அடுத்த டிஜே ஜோடி எங்கே தொழில் பழகும் என்பதுதான் என் கவலை.

ஒருமுறை மாணவர் விருந்தில் டிஜே மேசையை ஒட்டி நின்றேன். அந்தப் பையனின் கண் லேப்டாப்பில் இல்லை, ஆடுகிறவர்களின் காலில் இருந்தது. இரண்டு பெண்கள் கிளம்புவதற்காகக் குளிர் கோட்டு எடுக்கப் போனதும், பாட்டின் கனத்த அடி ஒலியைக் குறைத்தான். ஹெட்போனை ஒரு காதில் அழுத்தி அடுத்த பாட்டின் தாளத்தைப் பிடித்து உள்ளே விட்டான். ஒரு கை கோட்டுக்குள்ளும் மறு கை வெளியிலுமாக அந்த இருவரும் திரும்பி ஆட வந்தார்கள். படுக்கையறையில் தனியாக உட்கார்ந்து இதைப் பழக முடியாது. எதிரே எழுந்துபோகிற ஆட்கள் வேண்டும்.

2021-இல் யூனெஸ்கோ நம்மை இசை நகரம் என்றது, கனடாவிலேயே முதலாவதாக. பெருமைதான். அந்தப் பெயரைச் சொல்லி ஒன்று கேட்கிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு, நூறு பேர் நிற்கக்கூடிய நகரசபை அறை ஒன்றைப் புது டிஜேக்களுக்கு வாடகையில்லாமல் திறந்துவிடுங்கள். கோடைத் திருவிழா மேடை ஜனவரிக்கு உதவாது. சத்தம் எவ்வளவு, எத்தனை மணி வரை என்பதை முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள்; என் வீட்டிலும் கைக்குழந்தை இருக்கிறது. அப்புறம், நல்ல ஸ்பீக்கர் இரண்டு. லேப்டாப்பை அவர்களே கொண்டுவருவார்கள்.

இப்படிக்கு,
வெஸ்டர்னின் பழைய மாணவன் ஒருவன்